கோதையார் வரலாறும் சரிதம் எழுதும் முறையும் : வேல்ஸ் நாட்டு ஒப்புமை ஒன்று

1. தோற்றுவாய்

புலவர் ஒருவருடைய பாடல் வேறு. அவருடைய வரலாறு வேறு. பாடல் புலவரது வாயினின்று பிறப்பது. வரலாறோ, பெரும்பாலும் அவர் மறைந்த பின்னர்ப் பிறர் வாயினின்று பிறப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் ஒரு சாரார். வரலாற்றிற் புனைவு கலந்திருத்தலைக் கண்டு, புலவர் இருந்தார் என்பதனையே மறுக்கத் துணிவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரே பிழையின் இரு தலைகளைப் பற்றி நிற்பவரே யாவர். பாடல் சொல்வதனையும், பாடலைக் காத்தோர் சொல்வதனையும், அதன் பின்னர்ச் சரிதம் எழுதினோர் சொல்வதனையும் வெவ்வேறாகப் பிரித்துணராமையே அப்பிழையாகும்.

இம்மயக்கம் மிகுதியும் நேர்ந்துள்ள இடம் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சூடிக்கொடுத்த நாச்சியாரது வரலாறு ஆகும். இவ்வரலாற்றை ஆராயப் புகுமுன், காலத்தாலும் சமயத்தாலும் மொழியாலும் தமிழகத்திற்கு மிகச் சேய்மையதாகிய வேல்ஸ் நாட்டினின்று ஓர் ஒப்புமையை எடுத்துக்கொள்கின்றோம். தொலைவில் உள்ள ஒன்றினைத் தெளிவாகக் கண்டு, அத்தெளிவோடு அண்மையில் உள்ளதனை நோக்குதல் ஆராய்ச்சிக்குத் துணையாம் என்பது பற்றியே இங்ஙனம் செய்கின்றோம். இருவருள் எவர் உயர்ந்தவர் என ஆய்தல் எம் நோக்கம் அன்று. ஒருவர் மற்றவரைத் தழுவினார் எனக் கூறுதற்கு இடமும் இல்லை.

2. வேல்ஸ் நாடும் அதன் சரித இலக்கியமும்

வேல்ஸ், பிரிட்டன் தீவின் மேற்குப் புறத்தே அமைந்த மலைநாடு. அதன் மொழி ஆங்கிலத்தினின்று முற்றிலும் வேறானது. கெல்திய இனத்தைச் சார்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் மெதடிச இயக்கம் பரவியது. அதன் விளைவாகக் கீர்த்தனப் பாடல்கள் பெருகின. பான்டிகெலின் என்னும் தம் பண்ணையின் பெயரால் வழங்கப்பெற்ற வில்லியம் வில்லியம்ஸ் (1717-1791) அவருள் தலையாயவர். சமயப் பணியாளரே கவிஞராகவும், கவிஞரே ஆசிரியராகவும், மக்கள் கல்விக்குக் காவலராகவும் அமைந்தமை அந்நாட்டின் தனிச் சிறப்பாகும். அவருட் சிலர் நம் நாட்டிற்கும் வந்தனர். 1841இல் காசி மலைநாட்டுச் சிரபுஞ்சியை அடைந்த தாமஸ் ஜோன்ஸ் (1810-1849), வேல்ஸ் மொழியின் எழுத்துமுறையைத் தழுவிக் காசி மொழியை உரோம வரிவடிவில் எழுதத் தொடங்கியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இத்தகைய பணியாளரின் வாழ்க்கையை அவர் மறைந்த பின்னர் நூலாக எழுதி வெளியிடுதல் 19ஆம் நூற்றாண்டு வேல்ஸில் பெருவழக்காயிருந்தது. அவ்வகை நூலை அம்மொழியிற் ‘கோவியன்ட்’ என்பர்; நினைவு நூல் என நாம் அதனைப் பெயர்க்கலாம். அந்நூல்கள் பல, வாழ்ந்தவரைக் காட்டுவதனோடு வாழவேண்டிய முறையையும் காட்டப் புகுந்தமையான், வரலாறும் அறவுரையும் அவற்றிற் கலந்து நின்றன. நம் குருபரம்பரை நூல்களைப் பயின்றார்க்கு இக்கலப்பு புதியதன்று.

20ஆம் நூற்றாண்டில் அந்நாட்டறிஞர் இக்கலப்பைப் பிரித்துணரும் பெருமுயற்சியில் ஈடுபட்டனர். ஜான் எட்வர்டு லாய்டு, ஆர். டி. ஜென்கின்ஸ் ஆகியோரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1940 வரை மறைந்த வேல்ஸ் நாட்டார் வாழ்க்கைக் குறிப்பு அகராதி ஒன்று 1953இல் வேல்ஸ் மொழியிலும், 1959இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அரசரும் போர்வீரரும் மட்டுமன்றிச் சிற்றூர்ச் சமயப் பணியாளரும், கீர்த்தனம் பாடியோரும், ஏடு பெயர்த்தெழுதியோரும், பள்ளியாசிரியரும் அதன்கண் இடம்பெற்றனர். தன் பெருமைக்குக் காரணர் யாவர் என்று ஒரு சிறிய நாடு தன்னைத்தானே வினவிக்கொண்டு கண்ட விடை அந்நூல் எனலாம்.

3. ஆன் கிரிஃபித்ஸ்

அவ்வகராதியில் இடம்பெற்றோருள் ஆன் கிரிஃபித்ஸ் என்னும் பெண்பாற் புலவர் நம் ஆராய்ச்சிக்கு வேண்டப்படுபவர். அவர் 1776இல் மான்கோமெரி வட்டாரத்துத் தொல்வார் வாக் என்னும் பண்ணை வீட்டிற் பிறந்தார். தம் தாயார் 1794இல் மறைந்தமையான் இளமையிலேயே இல்லப் பொறுப்பை ஏற்றார். 1796ஆம் ஆண்டை ஒட்டி ஒரு சொற்பொழிவைக் கேட்டு உள்ளம் மாறி, பின்னர் மெதடிச இயக்கத்திற் சேர்ந்தார். தாமஸ் சார்லஸ் என்னும் பெரியாரிடம் திருவிருந்து பெறும்பொருட்டு மலை கடந்து பாலா என்னும் ஊருக்கு நடந்து செல்வார். 1804இல் தம் தந்தையாரை இழந்தார். அவ்வாண்டிலேயே மணம் புரிந்தார். 1805 ஆகஸ்டில், மகப்பேற்றை ஒட்டி, 29ஆம் வயதில் மறைந்தார்.

அவர் பாடியனவாக இன்று கிடைப்பன எழுபதிற்குச் சற்று மேற்பட்ட பாட்டுகளே. இறைவனை மணவாளனாகவும் தம்மை அவனை நாடும் உயிராகவும் வைத்துப் பாடிய காதற் பத்தி அவற்றின் உயிர்நிலை. விவிலியத்து உன்னதப்பாட்டும், தீர்க்கதரிசிகளின் காட்சிகளும் அவர் சொல்லில் இடையறாது எதிரொலிக்கும். நறுஞ்செடிகளின் நடுவே நிற்பவனைக் கண்டு வியக்கும் அவரது பாட்டு இன்றும் வேல்ஸ் மக்களாற் பாடப்படுகின்றது.

இப்பாட்டுகள் நமக்குக் கிடைத்த வழியே ஈண்டு முதன்மையாக நோக்கற்பாலது. ஆன் தம் பாட்டுகளைத் தொகுத்து எழுதி வைத்தாரல்லர். அவர் கையெழுத்தில் எஞ்சியிருப்பது ஒரு கடிதமும், அதன்கண் எழுதப்பட்ட ஒரு பாட்டுமே. ஏனைய பாட்டுகளைக் காத்தவர் அவ்வீட்டுப் பணிப்பெண்ணாகிய ரூத் எவன்ஸ் ஆவர். தலைவி பாடக் கேட்டு மனத்திற் பதித்துக்கொண்ட அப்பெண், அவற்றைத் தம் கணவராகிய ஜான் ஹியூஸிடம் சொல்ல, அவர் ஏட்டில் எழுதினார். 1806இல் பாட்டுகள் அச்சேறியபோது பதிப்பித்தோர் சொற்களை ஆங்காங்கே திருத்திச் செப்பஞ் செய்தனர். ஜான் ஹியூஸ் எழுதிவைத்த பாடத்தை 1905இல் ஓ. எம். எட்வர்ட்ஸ் வெளிப்படுத்திய பின்னரே, திருத்தத்தின் கீழ் மறைந்து கிடந்த பழஞ்சொல் பலர்க்கும் புலனாயிற்று.

சரிதத்தின் நிலையும் இதுவே. ஜான் ஹியூஸ் ஆனின் வாழ்க்கைக் குறிப்பை 1846இல் வெளியிட்டார். அஃது அவர் மறைந்து 41 ஆண்டு கழிந்த பின்னர். மோரிஸ் டேவிஸ் விரிவான நினைவு நூலை 1865இல் வெளியிட்டார். அது 60 ஆண்டு கழிந்த பின்னர். ஆகவே, ஆன் கிரிஃபித்ஸ் பற்றி எழுதப்பட்ட எதனையும் மூன்று படியாகப் பகுத்து நோக்குதல் வேல்ஸ் அறிஞர்க்கு இன்றியமையாததாயிற்று. புலவரது சொல் முதற்படி. காத்தோர் சொல் இரண்டாம் படி. பிற்காலச் சரிதம் மூன்றாம் படி. மூன்றாம் படியில் ஐயம் எழுந்தமை பற்றி முதற்படியை எவரும் மறுத்திலர். முதற்படியின்பாற் கொண்ட அன்பினால் மூன்றாம் படியை அப்படியே ஏற்றலும் முறையன்று என அவர் தெளிந்தனர்.

4. கோதையார் : முதற்படிச் சான்று

இம்மூன்று படிகளை அளவுகோலாகக் கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரலாற்றை நோக்குவோம். பெரியாழ்வார் அருளியன திருப்பல்லாண்டு உட்பட 473 பாசுரங்கள். கோதையார் அருளியன திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாசுரங்கள். இவையே முதற்படி.

இப்பாசுரங்களிற் புலவர் தம்மைப் பற்றிக் கூறுவன சிலவே. தம் பெயரைக் கோதை எனக் கூறுகின்றார். தம்மை வில்லிபுத்தூர்ப் பட்டர்பிரானுக்கு, அஃதாவது விட்டுசித்தருக்கு, உரியவராகக் கூறுகின்றார். வில்லிபுத்தூரில் உறையும் பெருமானைக் குறிக்கின்றார். மானிடர்க்கு உரியவள் எனப் பேசப்படின் உயிர் வாழேன் என்கின்றார். கண்ணனைக் கனவில் மணந்ததனைப் பதினொரு பாசுரங்களில் விரித்துரைக்கின்றார். மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கின்றார். தம்மை வடமதுரைக்கும் துவாரகைக்கும் கொண்டுபோய் விடுமாறு சுற்றத்தாரை வேண்டுகின்றார். இறுதித் திருமொழியில் விருந்தாவனத்தே அவனைக் கண்டமை வினாவும் விடையுமாக உரைக்கப்படுகின்றது.

‘ஆண்டாள்’ என்னும் பெயரும், ‘சூடிக்கொடுத்தாள்’ என்னும் சிறப்பும் இப்பாசுரங்களில் இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. துளசி வனத்தில் குழவியாகக் கண்டெடுக்கப்பட்டமையும், மாலையை அணிந்து நிழல் நோக்கியமையும், திருவரங்கத்தே பெருமானோடு ஒன்றியமையும் இவற்றில் வெளிப்படையாகக் கூறப்படவில்லை.

5. கோதையார் இருந்தாரல்லர் என்னும் கொள்கை

இதனைக் கொண்டு, கோதை என ஒருவர் இருந்தாரல்லர், பெரியாழ்வாரே பெண்மையை ஏறிட்டுக்கொண்டு இப்பாசுரங்களையும் பாடினார் எனக் கூறுவார் 20ஆம் நூற்றாண்டில் தோன்றினர். ஆழ்வார் பலர் நாயகி நிலையில் நின்று பாடியுள்ளமை இக்கொள்கைக்கு ஆதரவாகக் காட்டப்படும். அதனை நடுவு நிலையில் நின்று ஆராய்வோம்.

நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் தலைவியாகவும் தாயாகவும் தோழியாகவும் நின்று பாடியது உண்மை. ஆயினும் பதிகத்தின் இறுதியில், பாடிய புலவர் தம் சொந்தப் பெயரையே பொறிப்பர். பெண் பேசினும் பாடினவர் சடகோபனே, கலிகன்றியே என்பது அவ்விறுதிப் பாசுரங்களால் தெளிவாகும். பெரியாழ்வாரும் இம்மரபினின்று வழுவினாரல்லர். தம் மகளைத் திருமால் கொண்டு போயினான் எனத் தாய் ஒருத்தி புலம்புவதாக அவர் பாடிய திருமொழி ஒன்றுண்டு. அதன் இறுதிப் பாசுரம், தாயானவள் சொல்லிய சொல்லைப் புதுவைப் பட்டன் சொன்னான் என்னும் பொருள்பட அமைந்துள்ளது. பேசுபவள் ஒருத்தி, பாடுபவர் ஒருவர் என்னும் வேறுபாட்டைப் பெரியாழ்வாரே இதனால் வரையறுத்துக் காட்டினார் ஆவர்.

இதனால் இரண்டு முடிபுகள் பெறப்படும். முதலாவது, அத்திருமொழியில் வரும் மகள் கோதையே எனக் கொண்டு அதனைப் பெரியாழ்வாரது சொந்த வரலாற்றுக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. அது நற்றாய் இரங்கலென்னும் அகத்துறையின்பாற் படும். இரண்டாவது, பேசுபவளையும் பாடுபவரையும் இத்துணைத் தெளிவாகப் பிரித்துரைக்கும் ஒருவர், வேறு 173 பாசுரங்களைப் பாடி அவற்றில் மட்டும் தம் பெயரை மறைத்து, ‘பட்டர்பிரான் கோதை’ எனப் பிறிதொரு பெயரைப் பொறித்தார் என்றல் மரபொடு மாறுபடும். ஆகவே, மரபு வழங்கும் வரலாற்றைத் தளர்த்தும் அதே சான்று, மரபு வழங்கும் புலவரை நிலைநிறுத்துகின்றது.

இன்னுமொரு சான்றும் உண்டு. நாச்சியார் திருமொழியின் பத்தாந் திருமொழியில், வில்லிபுத்தூர் விட்டுசித்தர் தம் தேவரை வல்ல வகையால் வருவித்துத் தருவாராயின் அதனைக் காண்போம் எனத் தோழியிடம் தலைவி கூறுகின்றாள். இது புகழுரையாக இறுதியிற் சேர்க்கப்பட்ட பெயர்ப்பொறிப்பு அன்று. பாட்டின் உணர்ச்சியோடு பிணைந்த சொல். தம் முயற்சி பயனற்ற இடத்து, ஆற்றல் மிக்க மூத்தவர் ஒருவரிடம் எஞ்சிய நம்பிக்கையை வைக்கும் இளையவரின் குரல் இதன்கண் கேட்கின்றது. விட்டுசித்தரே இதனைப் பாடினார் எனின், தம்மைத் தாமே பிறர் வாயாற் புகழ்ந்துகொண்டார் என முடியும். அவர் பாசுரங்களிற் காணும் பணிவுக்கு அஃது ஏலாது.

6. இரண்டாம் படியும் மூன்றாம் படியும்

பாசுரங்களைக் காத்து ஓதிய ஆசிரியரின் சொற்களே இரண்டாம் படி. நாதமுனிகளின் மாணாக்கராகிய உய்யக்கொண்டார் அருளியனவாக வழங்கும் திருப்பாவைத் தனியன்களில் ‘ஆண்டாள்’ என்னும் பெயரும் சூடிக்கொடுத்த செய்தியும் காணப்படுகின்றன. பராசர பட்டர் அருளிய வடமொழித் தனியனும் சூடிக் களைந்த மாலையைக் கூறும். பெரியாழ்வார் பொற்கிழி அறுத்த செய்தியும் பாண்டிய பட்டர் அருளியதாக வழங்கும் தனியனிலேயே வெளிப்படுகின்றது. எனவே மாலைச் செய்தி மிகப் பிற்பட்ட புனைவு எனத் தள்ளத்தக்கதன்று. பாசுரங்கள் தொகுக்கப்பெற்ற காலத்தை ஒட்டியே அது வழக்கில் நிலைத்திருத்தல் வேண்டும்.

அதன் வேர் எங்குளது? திருப்பல்லாண்டில், பெருமான் சூடிக் களைந்த துழாய் மாலையைச் சூடும் தொண்டர்கள் நாங்கள் எனப் பெரியாழ்வார் கூறுகின்றார். கண்ணனைப் பூச்சூட வருமாறு பல மலர்களின் பெயரைக் கூறி அழைக்கும் திருமொழி ஒன்றும் அவர் பாடியுளார். தந்தையார் பாடலில் இறைவன் சூடிக் களைந்ததனை அடியார் சூடுவர். மகளார் வரலாற்றில் அடியார் சூடிக் களைந்ததனை இறைவன் விரும்பிச் சூடுவான். நெறியின் இத்தலைமாற்றமே கோதையாரின் பத்தியைப் பழைய ஆசிரியர் எங்ஙனம் உணர்ந்தனர் என்பதற்குச் சான்றாகும். நிகழ்ந்ததோ நிகழாததோ என்னும் வினாவிற்கு அப்பால், இவ்வரலாறு ஒரு திறனாய்வாகவும் அமைந்துள்ளது.

மூன்றாம் படியில் கருடவாகன பண்டிதரின் திவ்வியசூரி சரிதமும், பின்பழகிய பெருமாள் சீயரின் ஆறாயிரப்படி குருபரம்பராப் பிரபாவமும் நிற்கின்றன. பின்னது 13ஆம் நூற்றாண்டினது என்பர். ஆடிப் பூரத்துத் துளசி வனத் தோற்றமும் அரங்கத்து ஒன்றுதலும் இவற்றில் முழுவடிவம் பெறுகின்றன. பாசுரத்தில் முற்றுப்பெறாது நின்றதனைச் சரிதம் முற்றுவிக்கும் முறைக்கு நூறு தடா நேர்த்தி சிறந்த எடுத்துக்காட்டு. கோதையார் நேர்ந்துகொண்டார், நிறைவேற்றியதாகப் பாசுரம் கூறவில்லை. இராமாநுசர் அதனை நிறைவேற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர, நாச்சியார் அவரைத் தம் அண்ணன் என அழைத்தார் எனக் குருபரம்பரை மரபு கூறும். பாசுரத்தின் இடைவெளியைப் பயில்வோரின் அன்பு நிரப்பிற்று.

அரங்கத்து ஒன்றுதலும் இவ்வகையினதே எனக் கருதுகின்றோம். கோதையார் பாசுரம் அரங்கனைக் காதலித்துப் பாடினும், அது சென்று முடியும் இடம் விருந்தாவனம். சரிதம் சென்று முடியும் இடமோ திருவரங்கம். ஆழ்வார் பாசுரங்களை ஓதும் நெறி திருவரங்கத்தை நடுவாகக் கொண்டு வளர்ந்தமையான், சரிதமும் அவ்விடத்தே நிறைவுற்றது இயல்பேயாம்.

16ஆம் நூற்றாண்டில் இச்சரிதம் தமிழின் எல்லையையும் கடந்தது. 1509 முதல் 1529 வரை ஆண்ட விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர், ஆந்திர விட்டுணு கனவில் ஆணையிட்டதாகக் கூறி, ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காப்பியத்தை இயற்றினார். சூடிக்கொடுத்தவள் என்பதே அப்பெயரின் பொருள். ஆயினும் காப்பியத்தின் பெரும்பகுதி விட்டுசித்தர் வரலாறும் கிளைக்கதைகளுமாகவே செல்லும்; கோதையார் பிற்பகுதியிலேயே தோன்றுவார். புலவர் அரசராயின் அரசவை வெற்றியும் அரச நெறியும் சரிதத்தில் விரிதல் இயல்பு. சரிதம் எழுதுவோரது நிலையும் சரிதத்தின் ஒரு சான்றாம் என்பது இதனால் விளங்கும்.

7. காலம்

காலத்தைப் பற்றியும் இம்முறையே நோக்குவோம். மூன்றாம் படி நூல்கள் கலியுகத் தொடக்கத்தை ஒட்டிய காலத்தைக் கூறும். அது வரலாற்றுக்கு உதவாது. முதற்படியில் இரண்டு குறிப்புகள் உள. ஒன்று, தென்கூடற்கோனாகிய நெடுமாறன் மாலிருஞ்சோலையைக் கொண்டாடினான் என்னும் பெரியாழ்வார் கூற்று. மற்றொன்று, வெள்ளி தோன்ற வியாழன் மறைந்தது என்னும் பொருள்படத் திருப்பாவையின் 13ஆம் பாசுரத்தில் வரும் விடியற்காலக் குறிப்பு.

மு. இராகவையங்கார் தம் ‘ஆழ்வார்கள் காலநிலை’ என்னும் அரிய நூலில் பின்னைய குறிப்பைக் கணித முறையால் ஆராய்ந்து, கி.பி. 731 என முடிபு செய்தார். பாசுரச் சொல்லை வான்கணிதத்தோடு இயைத்த அம்முயற்சி தமிழாராய்ச்சிக்கு ஒரு புதுவழி திறந்தது. எனினும் ஒன்று கருதற்பாலது. வியாழன் வான்வட்டத்தை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். வெள்ளியின் தோற்ற மறைவுகள் ஏறத்தாழ 8 ஆண்டுக்கு ஒருமுறை அதே பருவத்தில் மீளும். ஆகவே, மார்கழி விடியலில் வெள்ளி கிழக்கே எழ வியாழன் மேற்கே சாயும் காட்சி ஏறத்தாழ 24 ஆண்டுக்கு ஒருமுறை மீளத்தக்கது. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் அது பன்முறை நிகழ்ந்திருக்கும். வான்குறிப்புத் தனித்து நின்று ஓராண்டைக் காட்டமாட்டாது. பிறிதொரு சான்று பல ஆண்டுகளினின்று ஒன்றைத் தெரிதற்கு அது துணையாகும்.

அப்பிறிதொரு சான்று நெடுமாறன் பெயர். சரிதங்கள் பெரியாழ்வார் காலத்துப் பாண்டியனை வல்லபதேவன் என்கின்றன. மாறன், வல்லபன் என்னும் இரு பெயரும் ஒருங்கே பொருந்துபவன், 9ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் அதனை அடுத்தும் ஆண்ட சீமாறன் சீவல்லபன் ஆவன். இதுபற்றி 9ஆம் நூற்றாண்டே தந்தையார்க்கும் மகளார்க்கும் உரிய காலம் எனக் கொள்வாரும் உளர். முதற்படிப் பெயரும் மூன்றாம் படிப் பெயரும் ஒருவன்பாற் சென்று கூடுதல் வலிய சான்றே. ஆயினும் மாறன் என்பது பாண்டியர் பலர்க்கும் பொதுப்பெயர் ஆதலின் அது முடிந்த முடிபாகாது. 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட காலம் என்றலே சான்றின் அளவில் நிற்கும் கூற்றாகும்.

8. காத்தோர் வரலாறு

ஆன் கிரிஃபித்ஸின் பாட்டுகளைக் காத்த பணிப்பெண்ணின் பெயரை வேல்ஸ் நாட்டு வரலாறு மறந்திலது. ரூத் எவன்ஸ் இலராயின் அப்பாட்டுகளும் இல என்பதனை அந்நாட்டார் நன்கறிவர். கோதையாரின் பாசுரங்களைக் கேட்டு மனத்திற் கொண்டு முதன்முதல் ஓதினோர் பெயர் பதிவு பெறவில்லை. ஆயினும் அக்காக்கும் தொழில் இன்றும் அவ்வூரில் நடைபெறுகின்றது. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி ஆகியவற்றோடு அரையர் சேவை வழக்கிலுள்ள சில ஊர்களுள் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒன்று. பாசுரத்தை இசையோடும் அபிநயத்தோடும் நிகழ்த்தும் அக்கலை, எழுத்தினும் முற்பட்ட நினைவாற்றலின் எச்சம். நாச்சியார் சூடிக் களைந்த மாலை சித்திரையில் அழகருக்கும், திருவேங்கடத்துப் பெருவிழாவிற்கும் அவ்வூரினின்று செல்லுதலும், சரிதத்தைச் சொல்லாற் காவாது செயலாற் காக்கும் முறையேயாம்.

உரையாசிரியரும் காத்தோரே. பெரியவாச்சான் பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு எழுதிய உரையின் பெரும்பகுதி மறைந்துபோக, மணவாள மாமுனிகள் (1370-1443) மறைந்த பகுதிக்கு மட்டும் புதிதாக உரை வகுத்தார். முன்னோர் உரை எஞ்சிய இடத்தைத் தொடாது, அழிந்த இடத்தை மட்டும் நிரப்பிய அவ்வொழுங்கு இன்றைய பதிப்பாசிரியரும் போற்றத்தக்கது. 1806இல் ஆனின் சொல்லைத் திருத்தியோர் செயலோடு இதனை ஒப்பிட்டு நோக்கின், அதன் அருமை இனிது விளங்கும்.

அண்மைக் காலத்தும் காத்தோர் உளர். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த இராஜபாளையம், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜுக்கள் பெருகி வாழும் ஊர். அவ்வூரிற் பிறந்த மு. கு. ஜகந்நாத ராஜா (1933-2008) பன்மொழிப் புலமையர். பிராகிருதத்துக் காதா சப்தசதியைத் தமிழிற் பெயர்த்தவர். ஆமுக்தமால்யதாவை அவர் தமிழாக்கியமைக்குச் சாகித்திய அக்காதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு 1989ஆம் ஆண்டிற்கு வழங்கப்பெற்றது. வில்லிபுத்தூரில் தமிழிற் பிறந்த வரலாறு, விசயநகரத்தே தெலுங்கிற் காப்பியமாகி, சில நூற்றாண்டு கழித்து, பிறந்த ஊரின் அயலூரில் வாழ்ந்த தெலுங்கர் ஒருவரால் மீண்டும் தமிழுக்கு வந்தது. ஒரு சரிதம் சென்ற வழியை இத்துணைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நம் இலக்கிய வரலாற்றில் மிகச் சிலவே.

9. வேண்டுவது

தமிழிலும் புலவர் வரலாறு எழுதும் முயற்சி பழையதே. சைமன் காசிச்செட்டி 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்தார். சதாசிவம் பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகம் 1886இல் வெளிவந்தது. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை எழுதி, அண்மைக் காலத்துப் புலவர் வாழ்க்கையை எங்ஙனம் எழுதவேண்டும் என்பதற்கு இலக்கணமும் வகுத்துத் தந்தார். ஆயினும், சிற்றூர்தோறும் வட்டாரந்தோறும் வாழ்ந்த சான்றோரை வேல்ஸ் நாட்டார் தொகுத்தது போன்று, கூற்றுக்கும் சான்றுக்கும் உள்ள உறவைக் காட்டித் தொகுக்கும் பணி இன்னும் விரிந்து நடைபெறுதல் வேண்டும்.

1985இல் இராமநாதபுர மாவட்டத்தினின்று பிரிந்தமைந்த இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் இராஜபாளையம் வட்டாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளினும் இப்பணிக்கு இடம் மிகுதி. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த பூ. ச. குமாரசாமி ராஜா (1898-1957) போன்றோர் வரலாறு ஆட்சி ஆவணங்களில் நிற்கும். அரையரும், பாடம் சொன்ன ஆசிரியரும், நந்தவனம் பேணினோரும், ஏடு காத்தோரும் அத்தகைய ஆவணங்களில் நில்லார். அவரை அறிந்த முதியோர் உள்ளபோதே கேட்டெழுதினாலன்றி அவர் வரலாறு எஞ்சாது. ஆனின் சரிதம் 41 ஆண்டு கழித்து எழுதப்பட்டமையாலேயே இத்துணை ஐயங்களுக்கு இடனாயிற்று என்பதனை நினைவு கூர்தல் தகும்.

அங்ஙனம் எழுதுங்கால் ஒவ்வொரு செய்தியும் எப்படியினின்று பெறப்பட்டது எனக் குறித்தல் வேண்டும். புலவர் தாமே கூறியது, உடனிருந்தோர் கூறியது, பின்னோர் கூறியது எனப் பகுத்தெழுதினால், நம்புவோர்க்கும் ஆராய்வோர்க்கும் அந்நூல் ஒருங்கே பயன்படும். மூன்றாம் படியைத் தள்ளிவிடுதல் வேண்டா. அதற்குரிய இடத்தில் அதனை வைத்தலே வேண்டும்.

10. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், கோதையார் என்னும் புலவர் பெரியாழ்வாரின் வேறாக வாழ்ந்தவர் என்பதும், அதற்குப் பாசுரங்களின் பெயர்ப்பொறிப்பு மரபே சான்று என்பதும், மாலைச் செய்தி பாசுரத்தில் இன்றாயினும் பழைய தனியன்களால் தொன்மை உடைத்து என்பதும், அரங்கத்து ஒன்றுதல் சரிதப்படிக்கு உரியது என்பதும், வான்குறிப்பு ஒன்றனால் ஆண்டைத் துணிதல் இயலாது என்பதும் பெறப்பட்டன. வேல்ஸ் நாட்டு மலைச்சாரலில் ஒரு பணிப்பெண்ணின் நினைவு எழுபது பாட்டுகளைக் காத்தது. வில்லிபுத்தூரில் பெயர் தெரியாத பலரது நினைவு 173 பாசுரங்களை ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் காத்து வந்துள்ளது. பாடினோர் வரலாற்றோடு காத்தோர் வரலாற்றையும் எழுதுதல், அவ்வட்டாரத்து இளம் ஆராய்ச்சி மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க பணியாம்.